பதினேழாம் குப்பி

கிடர்பூர் சந்தையில் மீன் விற்பவர்களுக்கு நாகலட்சுமி அக்காவை நன்றாகத் தெரியும். தராசுத் தட்டை விரலால் அழுத்துகிற ஆளைக் கண்டால் விடமாட்டார். "என்ன தாதா, மீனோட சேத்து உங்க கட்டை விரலையும் எனக்கே குடுத்துருவீங்களா?" என்று, அண்ணனைத் தாதா என்று கூப்பிடும் வங்காள மொழியில், சாத்தூர் இழுவையோடு கேட்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மீன்காரரும் சிரித்துவிட்டு ஒரு துண்டு கூடப் போடுவார்.

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருபது வயதில் பன்னீர்செல்வம் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வங்காளத் துறைமுக நகரத்துக்கு ரயிலேறி வந்தவர் அக்கா. அண்ணனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. முதல் வருஷம் பூரா வாசலைத் தாண்டாமல் அழுதாராம். மூன்றாம் வருஷத்தில் புதிதாக வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ரேஷன் ஆபீஸில் பேசிக்கொடுக்கிற ஆளாகிவிட்டார்.

நான் வந்தது எட்டாம் வருஷத்தில். ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் வேலை. உணவுப் பொருள், தண்ணீர் இவற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்போம். அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதை நான் வாய் திறப்பதற்கு முன்னால் அக்காவே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். "எங்க ஊர்ப் பக்கத்துப் பையன். கெமிஸ்ட்ரி. எதைக் குடுத்தாலும் உள்ள என்னென்ன இருக்குன்னு பிரிச்சுச் சொல்லிருவான்." கேட்க எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது.

கடைப் பொடி எதுவும் அந்த வீட்டுக்குள் நுழையாது. மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் முழுசாக வாங்கி, மொட்டைமாடியில் காயவைத்து, மில்லில் பக்கத்திலேயே நின்று அரைத்துக்கொண்டு வருவார். "பொடியாக் குடுத்தா செங்கலையும் கலப்பான், மரத்தூளையும் கலப்பான். முழுசுல என்னத்தைக் கலப்பான்? நீயே சொல்லு தம்பி, நீ படிச்சவன்."

"சரிதான்க்கா" என்றேன். அக்கம்பக்கத்தில் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம், "தம்பியே சொல்லிட்டான்" என்று முடிப்பார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை தங்கவில்லை. செவ்வாய்தோறும் காளிகாட் கோயிலுக்குப் போய் வரிசையில் நிற்பார். இரண்டு முறை கலைந்தது. பத்தாம் வருஷத்தில் ஒன்று நிலைத்தபோது, ரயிலேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவத்துக்கு ஊருக்குப் போக முடியவில்லை. அங்கே அம்மா செய்து கொடுத்திருக்க வேண்டிய பிரசவ மருந்தை, பத்தியப் பொடியை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவே இங்கே செய்து வைத்தார். சஹானா பிறந்தாள். பாலுக்குக் குறையே இல்லை. "என் பிள்ளை குடிக்கிற வேகத்துக்கு, மாட்டுக்காரன் பாத்தா கண்ணு வச்சிருவான்" என்பார்.

சஹானாவுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு ஓர் ஆய்வு வந்தது. பால் கொடுக்கும் தாய்மார் அறுபது பேரிடமிருந்து கொஞ்சம் பால் வாங்கி, அதில் காரீயம், பாதரசம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். ஆள் குறைந்தது. நான் அக்காவிடம் கேட்டேன்.

"நம்ம பால்ல என்ன இருக்கப் போவுது? சத்துத்தான் இருக்கும். எழுதிக்க" என்று சிரித்துக்கொண்டே குப்பியை வாங்கிப்போனார். நான் அதன்மேல் 17 என்று எண் ஒட்டினேன்.

மூன்று வாரம் கழித்து முடிவுகள் திரையில் வந்தன. ஐம்பத்தொன்பது குப்பிகள் ஒரு பக்கம். பதினேழாம் எண் குப்பி மட்டும் மறு பக்கம். கருவி பிழை செய்திருக்கும் என்று மறுபடி ஏற்றினேன். அதே எண். மூன்றாம் முறை ஏற்றும்போது குழாய் நழுவியது. இன்னொரு முறை ஏற்றினேன். அதே.

முடிவை நாங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. ஆய்வை நடத்தும் டாக்டர் அந்தத் தாயைக் கூப்பிட்டு, இன்னது செய் என்று சொல்வார். அதற்குப் பத்து நாள் ஆகும். பத்து நாளில் அந்தப் பிள்ளை எத்தனை முறை குடிக்கும் என்று கணக்குப் போட்டேன். அன்று சாயங்காலமே போய் நின்றேன்.

அக்கா தரையில் சுவரோடு சாய்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். முந்தானை மூடியிருந்தது. டீவியில் ஏதோ ஓடியது.

"வா தம்பி. என்ன மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? மேனேஜர் ஏசுனானா?"

"அக்கா, அந்த டெஸ்ட் வந்துருச்சு."

"பாஸா?"

"உங்க பால்ல காரீயம் இருக்குக்கா. நெறைய."

"காரீயம்னா?"

"பேட்டரிக்குள்ள இருக்குமே."

அவர் டீவியைப் பார்த்தார். அணைக்கச் சொல்கிறார் என்று நினைத்து அணைத்தேன். "குடிச்சா என்ன பண்ணும்?" என்றார்.

நான் படித்தவன் அல்லவா, சொன்னேன். மூளை வளர்ச்சி, அறிவு, காது, பேச்சு. வரிசையாகச் சொன்னேன். அந்தக் குப்பியில் இருந்த அளவுக்கு எது நடக்கும், எது நடக்காது என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

அக்கா விரலைப் பாப்பாவின் வாயோரத்தில் நுழைத்துப் பிரித்தெடுத்தார். பாப்பாவின் உதடு வெறுங்காற்றைச் சப்பியது. கண் மூடியபடியே நான்கைந்து முறை சப்பிவிட்டு, அதன் பிறகுதான் அழுதாள்.

"நான் பெத்து நானே வெசம் வச்சிருக்கேனா தம்பி?"

"அப்படி இல்லக்கா, டாக்டர் கூப்பிடுவாங்க, அதுவரைக்கும்…"

"அதுவரைக்கும் குடுக்கச் சொல்றியா? உன் கூடப்பொறந்த அக்கா பிள்ளையா இருந்தா குடுப்பியா?"

நான் அணைந்த டீவியைப் பார்த்தேன். அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் பால்பவுடர். பாப்பா புட்டி ரப்பரைத் துப்பினாள். ஸ்பூனில் ஊற்றினால் கடைவாயில் ஒழுகியது. அழுது அழுது குரல் கம்மி, கீச்சென்று ஒரு பூனைச் சத்தம் மட்டும் மாடிவரை வந்தது. அக்காவுக்கு மார் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டது. பால் வற்ற வேண்டுமென்றால் மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லாமல், "பூ வாங்கிட்டு வாங்க, உதிரியா, நெறைய" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டி பூக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று மனுஷன் காளிகாட் வரை போய் இங்கே பேலிப் பூ என்று சொல்லும் மல்லிகையை ஒரு பை நிறைய வாங்கி வந்து, படியில் என்னிடம் காட்டினார்.

"உங்க அக்காவுக்கு இன்னைக்கு நல்ல மூடு போல தம்பி" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. நான்காம் நாள் வாந்தியும் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் நாள் காலையில் அக்கா மாடிப்படியின் கீழே நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஓடிவந்து பார்த்தேன். பாப்பாவின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அழுதாள், கண்ணில் நீர் வரவில்லை. அண்ணன் சட்டைப் பொத்தானைத் தப்பித் தப்பி மாட்டிக்கொண்டிருந்தார். டாக்சியில் அக்கா பாப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, வங்காளி. குட்டையாக, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். ஏன் தாய்ப்பாலை நிறுத்தினாய் என்று வங்காளத்தில் கேட்டார்.

"நானாத்தான் நிறுத்தினேன் தீதி" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டு, பதிலைக் கேட்டுக்கொண்டு, "ஓ, வைத்தியம் படிக்கவில்லையா? உன் பேச்சைக் கேட்டால் படித்த மாதிரி இருக்கிறது" என்றார். பிறகு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேளம்மா. பால் தனியாக ஓரிடத்தில் ஊறுவதில்லை. உன் ரத்தத்தில் இருப்பதில் ஒரு துளிதான் பாலுக்கு வரும். உன் ரத்தத்துக்கு அது எங்கிருந்து வருகிறது? அந்த வழியைக் கண்டுபிடித்து மூட வேண்டும். பாலை மூடினால், பார், எங்கே வந்து படுத்திருக்கிறோம் என்று."

இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நூறு மில்லி ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் காரீயம் என்பது கணக்கு; அக்காவுக்கு இருபத்தொன்பது, பாப்பாவுக்கு ஒன்பது. தாய்க்கு நாற்பதுக்குக் கீழே இருந்தால் பாலை நிறுத்தச் சொல்லமாட்டோம் என்றார் டாக்டர். ஒன்பது என்றால் நல்லதா கெட்டதா என்று அக்கா கேட்டார். நல்லது என்று சொல்லக்கூடிய எண் எதுவும் இதில் கிடையாது, ஆனால் மருந்து ஏற்றுகிற அளவும் இல்லை, வயிற்றில் இருக்கும்போதே கொஞ்சம் போயிருக்கும் என்றார். "பால் கொடு. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து எழுதித் தருகிறேன். வீட்டில் தேடு."

பால் பாதி வற்றியிருந்தது. பிழிந்து பிழிந்து, மணிக்கொருமுறை பாப்பாவை வைத்து வைத்து, ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. ஆனால் முன்போல இல்லை. பாப்பாவை மாரில் போடும்போதெல்லாம் அக்கா கண்ணை இறுக மூடிக்கொள்வார், ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி.

தேட ஆரம்பித்தோம். குழாய்த் தண்ணீர், சுவரின் பழைய பெயின்ட் உதிரல், குங்குமம், கண்மை, பித்தளைக் குடம், அண்ணனின் வேலைச் சட்டையிலிருந்து உதறிய தூசி. ஒவ்வொன்றையும் சின்ன கவரில் போட்டு எடுத்துப்போனேன். அண்ணன் தினமும் துறைமுகத்திலேயே குளித்து, உடை மாற்றி, வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிள்ளையைத் தூக்கவில்லை. "நான்தானோ என்னமோ தம்பி. நூறு கப்பல் சரக்கு எந் தலைக்கு மேல போவுது" என்று ஒருநாள் சொன்னார். ஒவ்வொரு கவரும் ஒன்றுமில்லை என்றே வந்தது. ஒவ்வொரு 'ஒன்றுமில்லை'க்கும் பயம் கூடியது. அந்தப் பொருள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அக்கா இன்றும் அதைத் தொட்டிருப்பார்.

பரிசோதனைக்கூடத்தில் எனக்கு மேல் அதிகாரி ரோஹிணி. இதே ஊரில் பாலிகஞ்ச் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் கவர்களை ஒருநாள் புரட்டிப் பார்த்தார்.

"மஞ்சள் எங்க?"

"அது அவங்களே முழுசா வாங்கி அரைக்கறது மேடம். கடைப் பொடி இல்ல."

"அரே பாபா, முழுசுக்கும் கலர் பாலிஷ் போடுவான்! பொடியில மட்டுமா கலப்பான்? விரலி மஞ்சள் பாக்க பளபளன்னு இருந்தாத்தானே விலை போகும். நீ கெமிஸ்ட்ரிதானே படிச்ச?"

அன்றே அக்காவின் டப்பாவிலிருந்து நான்கு விரலி மஞ்சளை எடுத்துப்போய்க் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு விரலால் தேய்த்தேன். சாயம் கழன்றது. தண்ணீர் பெயின்ட் கரைத்த மாதிரி கெட்டி மஞ்சளாகி, அடியில் வண்டலாக உட்கார்ந்தது. கையில் மிஞ்சிய மஞ்சள், மண்நிறத்தில் மங்கலாக, ஊரில் எங்கள் தோட்டத்தில் பிடுங்கிய கிழங்கு மாதிரியே இருந்தது. வண்டலை அளந்தேன். காரீயம் கலந்த சாயம்.

அக்காவிடம் சொல்வதற்கு இந்த முறை ஆஸ்பத்திரி டாக்டரையும் போனில் வைத்துக்கொண்டேன். அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கர்ப்பமாக இருந்தபோது சளிக்கு மஞ்சள் பால். பிள்ளை பெற்ற பிறகு நாற்பது நாளும் பூண்டுக் குழம்பில், மிளகு ரசத்தில், மருந்தில், உடம்பில் பூசிக் குளிக்க, எல்லாவற்றிலும் அது.

"மூட்டையில கைய விட்டு ஒண்ணொண்ணாப் பொறுக்கினேன் தம்பி" என்றார். "மங்கலா இருந்ததையெல்லாம் தள்ளிட்டேன். கடைக்காரன் திட்டுனான், அம்மா எல்லாத்தையும் கிளறாதீங்கன்னு. எம் பிள்ளைக்கு நல்ல நெறமா வேணும்னு சண்டை போட்டுப் பொறுக்கினேன்."

டப்பாவைப் பரிசோதனைக்கூடத்தில் ரோஹிணி வாங்கிக்கொண்டார். கடையைப் பற்றி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

"அனுராதாவுக்குக் குடுத்தேனே."

அனுராதா பாலிகஞ்சில் இருக்கும் இன்னொரு தமிழ்ப் பெண், பிரசவமாகி ஐம்பது நாள்தான். அவளுக்கும் ஊரிலிருந்து வர ஆளில்லை. ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மஞ்சள் பொடியும், எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதிய தாளும் அக்காதான் கொடுத்திருந்தார்.

"நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்க்கா."

"நீ சொன்னது போதும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "நான் அரைச்சுக் குடுத்தது. நான்தான் போய் நிக்கணும்."

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனோம். அனுராதா கதவைத் திறந்ததும், "அக்கா! நினைச்சேன், வந்துட்டீங்க. பொடி தீரப்போகுது, அடுத்து எப்ப அரைக்கிறீங்க?" என்றாள். கையில் அணைத்திருந்த ஆண் குழந்தை பால் குடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அனுராதாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்தது மாதிரி.

"ரெண்டு வேளை போட்டுக் குடிச்சேன்க்கா. நீங்க எழுதிக் குடுத்த அளவு. ஒரு நாள் கூட விடல." அவள் விரல் குழந்தையின் வாய்க்கு நகர்ந்தது.

"எடுக்காத!" அக்கா போட்ட சத்தத்தில் இரண்டு குழந்தைகளும் திடுக்கிட்டன. "எடுக்காத அனு. நான் எடுத்தேன். அஞ்சு நாள் எடுத்தேன். எம் பிள்ளை எங்கையில சாகக் கிடந்தா. பொடியைக் கொட்டு. பாலைக் குடு. பயந்துக்கிட்டே குடு, ஆனா குடு. நாளைக்கு ரத்தம் பாக்க நான் கூட வாரேன்."

அனுராதா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நீங்க வர வேண்டாம்க்கா" என்றாள்.

படியிறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அனுராதாவின் குழந்தைக்கு ரத்தத்தில் நாலு வந்ததாகப் பாலிகஞ்சில் விசாரித்துவிட்டு ரோஹிணி பிறகு சொன்னார். அனுராதா இன்றுவரை அக்காவுக்குப் போன் செய்யவில்லை. அக்காவும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நாலு என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அக்காவுக்குப் பத்தொன்பது, பாப்பாவுக்கு ஆறு. டாக்டர் சந்தோஷப்பட்டார். "பூஜ்யம் எப்ப தீதி?" என்று அக்கா கேட்டார். எலும்பில் போய் உட்கார்ந்தது மெல்ல மெல்லத்தான் இறங்கும், வருஷங்கள் ஆகும் என்றார் டாக்டர். அப்படியானால் முதலிலேயே உள்ளே போனது ஏதாவது செய்திருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்றார் அக்கா. நடக்கும்போது, பேசும்போது, பள்ளிக்கூடம் போகும்போது பார்க்கலாம்; அநேகமாக ஒன்றும் இருக்காது என்றார். அந்த 'அநேகமாக'வோடுதான் வீட்டுக்கு வந்தோம்.

இப்போது சஹானாவுக்குப் பதினொரு மாதம். தவழ்கிறாள், பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அண்ணனின் மீசையை இழுக்கிறாள். அண்ணன் மறுபடி தூக்கிக்கொள்கிறார், குளித்துவிட்டு. அக்கா இன்னும் பால் கொடுக்கிறார். பாப்பா முதுகைக் காட்டி விளையாடும்போது பின்னால் சத்தமில்லாமல் போய்த் தட்டு ஒன்றைக் கீழே போடுவார். அவள் திரும்பிவிட்டால் மூச்சு விடுவார். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று மாடியிலிருக்கும் எனக்குத் தெரியும். விளையாட்டில் மூழ்கி ஒருமுறை அவள் திரும்பவில்லை. அன்று அக்கா சாப்பிடவில்லை.

சந்தையில் இப்போது மீன்காரர் தராசுத் தட்டை அழுத்தினாலும் அக்கா ஒன்றும் சொல்வதில்லை. எதை வாங்கினாலும் முகர்ந்து, தேய்த்து, என் கையில் கொடுத்து, என் முகத்தைப் பார்க்கிறார். தெரியாதபோது தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டேன். அது அவருக்கு இன்னும் பயத்தைத்தான் தருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது அண்ணன் வாசலுக்கே ஓடிவந்தார். "பாப்பா 'ப்பா'ன்னு சொன்னா தம்பி! தெளிவா! உங்க அக்காவையே கேளு!" பாப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார்.

அக்கா அடுப்படியில் இருந்தார். "சொன்னாளாக்கா?"

"சொன்னா." துறைமுகக் காலண்டரில் அன்றைய தேதிக்கட்டத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மாதம் முழுக்க அவருடைய பொடி எழுத்தாகவே இருந்தது: நின்றது, கை தட்டியது, திரும்பியது, திரும்பாதது. "எத்தனை மாசத்துல சொல்லணும்னு போட்டிருக்கு தம்பி?"

"ஒரு வருஷத்துக்குள்ள சொன்னா நல்லதுக்கா. இவ பதினொண்ணுலயே சொல்லிட்டா."

"ஒரு தடவைதான் சொன்னா" என்றார் அக்கா. முன்னறையில் அண்ணன், "இன்னொருக்கா சொல்லுடா தங்கம், ப்பா… ப்பா…" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்கா பென்சிலைக் காலண்டரிலிருந்து எடுக்காமல், தலையைச் சாய்த்து, அந்தப் பக்கமே காது கொடுத்து நின்றார்.